தகுதிப் பட்டியலில் ஓசூர் எங்கே?

ஞாயிறு காலையில் ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள காலி மனைகளில் மூன்று குச்சிகள் ஊன்றப்பட்டுவிடும். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள், பெயின்டர்கள், டெம்போ ஓட்டுகிறவர்கள் என்று அணிக்குப் பதினொரு பேர் சேர்ந்துவிடுவார்கள். டென்னிஸ் பந்துதான். மத்திகிரி, பாகலூர், சூளகிரி என்று ஊர் ஊராக அணிகள் வரும். நுழைவுக் கட்டணம் வசூலித்து, முதல் பரிசுக்குச் சுழற்கோப்பையும் ரொக்கமும் வைப்பார்கள். ஓர் ஓவரின் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் ஒருவனாவது இருப்பான். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தமிழ்நாட்டுக் கிரிக்கெட் நிர்வாகத்தைப் பொறுத்தவரை இந்த ஆட்டங்கள் நடக்கவே இல்லை.

"திறமை இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்களே?" என்று உடனே கேட்பார்கள். தகுதி, திறமை என்ற இந்த இரண்டு சொற்களை நாம் நூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் இட ஒதுக்கீடு கேட்டபோதெல்லாம் முகத்துக்கு நேரே வீசப்பட்ட சொற்கள் இவை. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் அந்த வாதத்தை உடைத்துவிட்ட நம் தோழர்களில் பலரும்கூட, விளையாட்டு என்று வந்துவிட்டால் தயங்குகிறார்கள். அங்கே மட்டும் ஓட்டமும் விக்கெட்டும்தானே பேசும், சாதி எங்கிருந்து வந்தது என்கிறார்கள். ஓட்டமும் விக்கெட்டும் பேசும்தான். ஆனால் அது எழுதப்படுகிற மைதானத்துக்குள் உன்னை விட்ட பிறகுதான் பேசும்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு சின்னசாமி மைதானம் சுமார் 40 கிலோமீட்டர். தேசிய கிரிக்கெட் அகாடமி 2000-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது அந்த வளாகத்தில்தான். இப்போது அது 40 ஏக்கரில் புதிய மையமாகப் பெங்களூரு விமான நிலையம் பக்கம் போயிருக்கிறது. ஆனால் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டினால் அது வேறு மாநிலச் சங்கம். ஓசூர்ப் பையன் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கணக்கில் வருகிறான். மாவட்டம் சென்னையின் கணக்கில் வருகிறது. சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். கர்நாடகத்துக்காக ஆட வேண்டுமென்றால் அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது படிக்க வேண்டும், அல்லது வேலை பார்க்க வேண்டும். வசதியுள்ள வீட்டில் பிள்ளையைப் பெங்களூரு பள்ளியில் சேர்த்து, அகாடமிக்கும் பணம் கட்டி, காரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஓசூரில் எல்லைக் கோடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை.

சென்னைக்குப் போனால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் மேலே போகிற பாதை பெரும்பாலும் சென்னை லீக் வழியாகத்தான். கீழ் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷன் வரை ஏற வேண்டும். முதல் டிவிஷன் அணிகளில் பல பெரிய நிறுவனங்களின் ஆதரவில் நடப்பவை; அங்கே இடம் கிடைத்தால் சம்பளமும் உண்டு. அதற்கு முந்தைய சில ஆண்டுகளை யார் செலவில் ஓட்டுவது? அறை வாடகை, சாப்பாடு, ஷூ, பேட். மட்டைக்காரனாக வேண்டுமென்றால் ஒரு நல்ல பேட்டுக்கே சிப்காட் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். மாவட்டத் தேர்வு முகாம் ஒன்று இருக்கிறதே என்பார்கள். ஒரே நாளில் கூட்டமாக வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்குச் சில பந்துகள் கொடுத்து அனுப்புகிற முகாமில், லெதர் பந்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் பிடிக்கிறவனுக்கு என்ன மதிப்பெண் விழும்? அந்த முகாமின் அறிவிப்பு அஞ்செட்டி மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்கும் முந்தைய கேள்வி.

இந்த விஷயத்தில் அமெரிக்க பேஸ்பால் நமக்குப் பாடப்புத்தகம் போல இருக்கிறது. நம்மில் பலருக்கு அந்த ஆட்டத்தின் விதிகள்கூடத் தெரியாது, பரவாயில்லை. அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே சின்ன அணிகள் படிப்படியாக இருக்கும். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளை அங்கே வைத்து வளர்த்து மேலே எடுப்பார்கள். ஃபார்ம் சிஸ்டம் என்று பெயர். நம் மொழியில் நாற்றங்கால் என்றால் சரியாக இருக்கும். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி இதை ஒரு முறையாகக் கட்டினார். ஸ்கவுட் எனப்படும் தேடுநர்கள் சிற்றூர் சிற்றூராகக் காரில் போய் ஆட்டம் பார்க்கிறார்கள். அடிப்பது, வலுவாக அடிப்பது, ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் என்ற ஐந்துக்கும் 20-இலிருந்து 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. இன்று என்ன ஆடுகிறான் என்பதற்கு ஓர் எண், வளர்ந்தால் எங்கே போவான் என்பதற்கு இன்னோர் எண். அதை வைத்து ஒவ்வொரு அணியின் நாற்றுகளுக்கும் ஆண்டுதோறும் தரவரிசை வெளியாகிறது. ரசிகர்கள் அதை வைத்து மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

சென்னைத் தேர்வுக்குழுவின் மூடிய அறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். எண் எழுதப்படுகிறது, தவறென்று பின்னால் ஒருவர் காட்ட முடியும். ஆனால் இதே கறாரான அளவுகோல் பல பத்தாண்டுகள் ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக்கூடத் தொடவில்லை. 80 மதிப்பெண் ஆட்டக்காரர்கள் நீக்ரோ லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தேடுநர்கள் அந்தப் பக்கம் காரைத் திருப்பவில்லை.

1945 ஏப்ரலில் பாஸ்டன் நகர மன்ற உறுப்பினர் ஒருவர் கொடுத்த நெருக்கடியால் ரெட் சாக்ஸ் அணி மூன்று கறுப்பின வீரர்களுக்குத் தேர்வு வைத்தது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். மூவரும் ஆடிக் காட்டினார்கள். பிறகு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ராபின்சனை ரிக்கிதான் எடுத்தார். அப்போது அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸில் இருந்தார். 1946-இல் நாற்றங்கால் அணியான மான்ட்ரியலில் ஆடவிட்டு, 1947 ஏப்ரல் 15 அன்று பெரிய லீக்கில் இறக்கினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ராபின்சன். (ரிக்கியை மகாத்மாவாக்க வேண்டியதில்லை. ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த கறுப்பின அணிக்கு அவர் ஒரு டாலர்கூட ஈடு கொடுக்கவில்லை.) ஜெத்ரோ 1950-இல் அதே பாஸ்டன் நகரத்தின் இன்னோர் அணியில் சேர்ந்து சிறந்த புதுமுகம் ஆனார். ரெட் சாக்ஸ் 1959 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்காமலே இருந்து, பெரிய லீக்கிலேயே கடைசியாக இறங்கி வந்தது. தேர்வு நடத்தினோம், தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற பதிலை நாம் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருக்கிறோம்!

இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள்: ஜோஷ் கிப்சன். நீக்ரோ லீக்கின் அசுர அடிக்காரர். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகள்தான் என்று 2020-இல் ஒப்புக்கொண்ட நிர்வாகம், அவற்றின் கணக்குகளை 2024 மே மாதம் பொதுப் பதிவேட்டில் சேர்த்தது. மறுநாள் பார்த்தால் எல்லாக் காலத்துக்குமான பேட்டிங் சராசரியில் முதல் இடம் கிப்சனுக்கு. அவருடையது .372, அதுவரை உச்சியில் இருந்த டை காப்.367. கிப்சன் அந்த ஓட்டங்களை எடுத்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. எந்த ஏட்டை ஏடு என்று ஒத்துக்கொள்வது என்கிற ஒரே ஒரு முடிவு மாறியது. தரவரிசை கவிழ்ந்துவிட்டது.

பார்க்கிற கண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. நீக்ரோ லீக்கில் ஆடிய பக் ஓ'நீல், 1950-களில் சிகாகோ கப்ஸ் அணியின் தேடுநர் ஆனார். வெள்ளைத் தேடுநர்கள் எட்டிப் பார்க்காத கறுப்பினக் கல்லூரி மைதானங்களுக்குப் போனார். அப்படி அவர் கண்டெடுத்த லூ பிராக் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இங்கே திரும்புவோம். இந்தியக் கிரிக்கெட்டிலும் ஒருமுறை இப்படிக் காரைத் திருப்பிப் பார்த்தார்கள். 2002-இல் கிரிக்கெட் வாரியம் திறமை தேடும் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. முன்னாள் வீரர்கள் சின்ன ஊர்களுக்கு ஆட்டம் பார்க்கப் போனார்கள். ஜாம்ஷெட்பூரில் ஒரு ராஞ்சி இளைஞரைப் பார்த்துக் குறிப்பு எழுதினார் பிரகாஷ் போத்தார். வயது வரம்பு தாண்டிவிட்டது என்று விட்டுவிடாமல் மேலே பரிந்துரைத்தார். அந்த இளைஞர் மகேந்திர சிங் தோனி. அந்தப் பிரிவு சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தோனியின் கதையைத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவாக விற்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைப் பாருங்கள். நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்து ஆடியவர். அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். ஊர்க்காரர் ஜெயபிரகாஷ் கைபிடித்துச் சென்னைக்கு அழைத்துப் போனார். லீக்கில் கீழ் டிவிஷனிலிருந்து ஏறினார். 2015-இல் ரஞ்சியில் முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளானது. பயிற்சியாளர்கள் கூட இருந்து அதைத் திருத்தினார்கள். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கி, ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தது. அடுத்த ஆண்டே ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

இந்தக் கதையை உழைப்பால் உயர்ந்தவர் என்று முடித்துவிடலாம். அப்படித்தான் முடிக்கிறார்கள். நாம் வேறு மாதிரி எண்ணிப் பார்ப்போம். ஜெயபிரகாஷ் இல்லாத ஊர்கள் எத்தனை? பந்துவீச்சில் குறை என்றதும் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு எந்தப் பயிற்சியாளரும் தேடாதவர்கள் எத்தனை பேர்? நடராஜன் தன் ஊரில் அகாடமி தொடங்கினார். 2023-இல் மைதானமும் கட்டினார். அந்தச் சின்னஞ்சிறு ஊரிலிருந்தே ஜி. பெரியசாமி வந்து 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கலக்கினார். ஓர் ஊரில் ஒருவன் கண்ணில் பட்டதும் இரண்டாமவன் வருகிறான் என்றால், பக்கத்து ஊர்களில் எவனுக்கும் கை விளங்கவில்லை என்றா பொருள்?

சாதிக் கணக்குக்கு வருவோம். 2018-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்த கட்டுரை ஒன்று, அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ஏறக்குறைய 290 ஆண்களில் தலித்துகள் என்று அறியப்பட்டவர்கள் நான்கே பேர் என்று சொன்னது. மக்கள் தொகையில் ஆறில் ஒருவர். இதுதான் தூய தகுதி தந்த விளைச்சல். டெஸ்ட் தகுதி வருவதற்கு முன்பே பல்வங்கர் பாலு இருந்தார். பூனா கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கிற கூலி வேலை. வெள்ளை அதிகாரிகளுக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து வீச வேண்டும், மட்டை மட்டும் கொடுக்க மாட்டார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். இந்து அணியில் அவர் பந்து வேண்டும். தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. உன் உழைப்பு பட்டியலில் வரும், நீ வரமாட்டாய்.

ஏகலைவனின் கதையைத் தரவரிசைக் கதையாகப் படித்துப் பாருங்கள். வில்லில் உன்னை மிஞ்ச ஆளில்லாமல் செய்வேன் என்று துரோணர் அர்ச்சுனனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். காட்டில் ஒருவன் அதைவிட நன்றாக எய்கிறான். மதிப்பெண்ணை மாற்ற வேண்டும், அல்லது விரலை. இந்திய அரசு 1985-இலிருந்து சிறந்த பயிற்சியாளருக்குக் கொடுக்கும் விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது! புராணம்தானே என்பவர்களுக்கு: 2023 ஜூனில் குஜராத்தின் பதான் மாவட்டத்தில், பள்ளி மைதானத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் தலித் சிறுவன் ஒருவன் பந்தை எடுத்ததற்காக மிரட்டப்பட்டான். தட்டிக்கேட்ட குடும்பத்தில் சிறுவனின் உறவினர் ஒருவரின் கட்டைவிரல் வெட்டப்பட்டது.

ஓசூரில் விரலை வெட்ட வேண்டியதில்லை. ஷிப்ட் போதும். பேஸ்பால் தேடுநர்கள் ஒரு நாற்றைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார்கள்: எல்லாம் கூடிவந்தால் இவன் எவ்வளவு உயரம் போவான், எதுவும் கூடிவராவிட்டால் எங்கே விழுவான். சூளகிரியில் நிலமில்லாத வீட்டின் பையனுக்கு இரண்டாவது கேள்வி ஒன்றுதான். பதினெட்டு வயதில் கம்பெனி வேன் வாசலுக்கு வருகிறது. ஏறினால் மாதா மாதம் பணம். சென்னைக்குப் போய் நான்காவது டிவிஷனில் ஆடினால் ஊரிலிருந்து பணம் அனுப்ப வேண்டும். தோற்றால் அப்பாவின் கடை இருக்கிறது, மாமாவின் கம்பெனி இருக்கிறது என்பவன் ஐந்து வருடம் முயன்று பார்க்கலாம். அந்த ஐந்து வருடம்தான் பின்னால் திறமை என்று பெயர் மாறுகிறது.

வளரும் பிள்ளை என்ற பெயரில் உழைப்பைச் சுரண்டுவது பேஸ்பாலிலும் நடந்தது. நாற்றங்கால் அணிகளில் ஆடுகிறவர்களுக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழான கூலி. நீங்கள் பயிற்சியில் இருப்பவர்கள்தானே என்பது சமாதானம். டிரெய்னி என்ற பட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் நிரந்தர வேலையைச் செய்கிற ஓசூர் இளைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே 2022-இல் அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள். 2023 ஒப்பந்தத்தில் கீழ்த்தட்டின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலரானது. நாற்றுகளும் சங்கம் வைக்கலாம்.

ஒடுக்கப்பட்டவர்களைத் தேடிப் போனால் தரம் இறங்கிவிடும் என்ற பூச்சாண்டியைத் தென்னாப்பிரிக்காவிலும் காட்டினார்கள். கிழக்கு கேப்பின் ம்டிங்கி கிராமத்தில் மாடு மேய்த்த மகாயா ந்டினி, அங்குள்ள வளர்ச்சித் திட்டத்தின் கண்ணில் பட்டவர். 1998-இல் டெஸ்ட் ஆடிய அந்நாட்டின் முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். முடிக்கும்போது 390 விக்கெட். தரம் ஏறியதா, இறங்கியதா?

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கேரளத்திலும் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது, வயநாட்டில். அந்த மலைக் கிராமத்தில் கேரளக் கிரிக்கெட் சங்கம் மைதானம் கட்டி ரஞ்சி ஆட்டங்களை நடத்துகிறது. 2019 அரையிறுதியே அங்கேதான் நடந்தது. அதே வயநாட்டின் குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்த மின்னு மணி 2023 ஜூலையில் இந்தியாவுக்கு ஆடினார். நம் கிருஷ்ணகிரியில் தளி, அஞ்செட்டி மலைகளில் பழங்குடிப் பிள்ளைகள் இல்லையா? மின்னணு ஆலைகளின் விடுதிகளில் ஆயிரக்கணக்கில் தங்கி வேலை செய்யும் இருபது வயதுப் பெண்களில் பந்தெறியும் கை ஒன்றுகூட இல்லையா? அவர்கள் வார விடுமுறையில் போய் நிற்க ஒரு மைதானம் முதலில் இருக்கிறதா?

இவ்வளவு வடிகட்டியும் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை: 1954–55, 1987–88. கோடு தாண்டினால் கர்நாடகம் எட்டு முறை வென்றிருக்கிறது. சமூகநீதி வேண்டாம், கோப்பை மட்டும் போதும் என்பவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

என்ன கேட்கலாம்? மாவட்டத் தேர்வில் ஒவ்வொருவருக்கும் போட்ட மதிப்பெண்ணைப் பொதுவில் ஒட்ட வேண்டும். வேகம் அளக்கும் கருவி ஒன்றும் கூட இருக்கட்டும். டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்குத் தேடுநர்கள் வர வேண்டும். அவர்களில் சேரிகளிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் ஆடி வந்தவர்கள் இருக்க வேண்டும். லெதர் பந்துக்கு மாற ஆறு மாதம் உதவித்தொகையோடு பயிற்சி, அதன் பிறகு தேர்வு. 2024-இல் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் அறிவித்தார்கள். அந்த அளவுக்கு நிலம் தேட முடிந்த அரசுக்குச் சிப்காட் பக்கத்தில் ஐந்து ஏக்கர் பொது மைதானம் பெரிய பாரமில்லை; சாதி கேட்காமல் எல்லாரும் நுழைகிற மைதானமாக, ஊர்த் தெருவுக்குள் போகாமல் பொதுச்சாலையில் இருக்க வேண்டும். ஷிப்ட் தொழிலாளிகள் வரக்கூடிய நாளில் தேர்வை வைக்க வேண்டும். தேர்வு அறிவிப்பை ஒரு மாதம் முன்பே தேன்கனிக்கோட்டைப் பேருந்து நிலையத்திலும் கம்பெனி வேன்கள் நிற்கிற இடங்களிலும் ஒட்ட வேண்டும், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும்.